குறூப் புரொஜெக்டில் ஒருவர் மட்டும் கோட் எழுதுகிறார், மற்ற நாலு பேரும் என்ன செய்வது?

தேத்தண்ணி

வணக்கம் எல்லாருக்கும். மட்டக்களப்பில் ஐரீ படிக்கிறேன், இரண்டாம் வருடம். எந்த இடம் என்று கேட்காதீர்கள். எங்கள் குறூப்பில் உள்ள யாராவது இதை வாசித்தால் பிறகு முகம் பார்க்க ஏலாது.

சொஃப்ட்வெயார் என்ஜினியரிங் பாடத்துக்கு ஐந்து பேர் சேர்ந்து ஒரு சிஸ்டம் செய்து, டெமோ காட்டி, வைவாவுக்கு (வாய்மொழிப் பரீட்சைக்கு) நிற்க வேண்டும். குறூப்பை நாங்கள் பிரிக்கவில்லை, சுட்டெண் வரிசையில் பிரித்துத் தந்தார்கள். நூலகம், ஹொஸ்பிட்டல், ஹோட்டல் மூன்றும் வேண்டாம், போன பெட்ச் முழுக்க அதுதான் என்று சேர் சொல்லிவிட்டார். அதனால் வெட்டு மெசின் புக்கிங் சிஸ்டம் எடுத்தோம். தை, மாசியில் வெள்ளாமை வெட்டும் நேரம் மெசின் பிடிக்க ஆட்கள் படும் பாடு தெரியும்தானே. கமக்காரர் பதிவது, மெசின் முதலாளி பதிவது, திகதி பிடிப்பது, ஏக்கர் கணக்குப் பார்த்துக் காசு, ரசீது. கோட் பிஎச்பியில், டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல், இரண்டையும் லெப்டொப்பிலேயே ஓடவிட எக்ஸாம்ப். கேட்க லேசாகத்தான் இருந்தது.

பெயர் போடாமல் ஊரால் சொல்கிறேன். செங்கலடி நல்ல கெட்டிக்காரன், ஏஎல் படிக்கும்போதே கோட் அடித்தவன். பிரச்சினையும் அவன்தான். பன்னிரண்டு மணிக்குப் பிறகு இரவு டேட்டாவில் உட்கார்ந்து தனியே எழுதுவான். விடிய எழும்பிப் பார்த்தால் வாட்சப்பில் ஒரு சிப் ஃபைல் கிடக்கும். ஃபைனல், ஃபைனல்2, நியூஃபைனல் என்று பெயர் போகும். நான் செய்து அனுப்பிய லொகின் பக்கத்தைச் சொல்லாமலே அழித்துவிட்டு வேறு மாதிரி எழுதியிருந்தான். ஏன் என்று கேட்டால், “அது சரிவராது, நான் பார்க்கிறேன், நீங்க டொக்கியூமென்டைப் பாருங்கோ” என்கிறான். கோபத்தில் சொல்லவில்லை, எங்களுக்கு உதவி செய்கிற நினைப்பில்தான் சொல்கிறான். அதுதான் கூட எரிச்சல்.

ஏறாவூர்த் தம்பி எதைச் சொன்னாலும் ஓகே. டயகிராம் எல்லாம் அச்சடித்த மாதிரிக் கீறுவார். கோட் என்றதும் “கடைசியாப் பார்ப்பம்” என்று நழுவிவிடுவார். வாழைச்சேனைக்குப் பின்னேரம் கடையில் வேலை. வாட்சப்பில் நீல டிக் மட்டும் விழும், பதில் வராது. கொக்கட்டிச்சோலைப் பிள்ளை கூட்டத்தில் வாயே திறக்க மாட்டாள். அவளிடம் லெப்டொப் இல்லை. லாபில்தான் செய்ய வேண்டும், லாப் பூட்டும் நேரமும் அவளுடைய பஸ் வெளிக்கிடும் நேரமும் ஏறத்தாழ ஒன்று. நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம். கையெழுத்து நல்லது என்று என்னை லீடர் ஆக்கினார்கள். கையெழுத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று இன்னும் விளங்கவில்லை.

டெமோவுக்கு ஐந்து கிழமை இருக்கிறது. வைவாவில் ஆளுக்காள் தனியாகக் கேட்பார்கள். வேலையை எப்படிப் பிரிப்பது? கோட்டில் யார் எதை மாற்றினது என்று பதிந்து வைக்கும் கிட்டை இந்த நேரத்தில் படிக்கத் தொடங்குவது புத்தியா? சேரிடம் சொல்வதா, விடுவதா?

கடைசி பெஞ்ச்

ஒன்றும் செய்ய வேண்டாம். செங்கலடி செய்யட்டும், அவனுக்கு அதில் சந்தோஷம், உங்களுக்கு நித்திரை. டெமோவுக்கு ஒரு கிழமைக்கு முதல் ஆளுக்கு இரண்டு ஃபைலைப் பங்குபோட்டுப் பாடமாக்குங்கள். எங்கள் குறூப் அப்படித்தான் பாஸ். அந்தக் குறூப்பில் நான்தான் ஏறாவூர்த் தம்பி, எனக்கு டயகிராமும் கீற வராது.

பழைய பெட்ச்

தங்கச்சி, மேலே சொன்னதைக் கேட்டு நடக்காதீர்கள். பாஸ் ஆகலாம், ஓம். ஆனால் டெமோவுக்கு முதல் நாள் செங்கலடிக்கு டெங்கு வந்து படுத்தால் அந்த நியூஃபைனலை யார் திறப்பது?

நான் கல்லடியில் இருந்துகொண்டு வெளிநாட்டு டீம் ஒன்றுக்கு வேலை செய்கிறேன். எங்கள் பெட்ச் புரொஜெக்ட் 2022இல் நடந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினார்கள், பெற்றோலும் இல்லை. ஆளையாள் சந்திக்க வழியே இல்லாமல் செய்தபடியால் எது தேவை, எது சும்மா என்று ஓரளவு தெரியும்.

இப்போது நீங்கள் பிரித்திருப்பது கோட்டுக்கு ஒருவர், டயகிராமுக்கு ஒருவர், டொக்கியூமென்டுக்கு ஒருவர் என்று. அப்படிப் பிரித்தால் கோட் எழுதுகிற ஆள் முடிக்கும்வரை மற்றவர்களுக்கு உண்மையாகவே வேலை இல்லை. பிறகு அவர்களைச் சோம்பேறி என்கிறோம். பாவிக்கிற ஆள் செய்யும் காரியத்தை வைத்துப் பிரியுங்கள். கமக்காரர் தன் காணியைப் பதிகிறார், அது ஒரு ஆளுக்கு. அந்த ஃபோர்ம், அதற்குப் பின்னால் உள்ள பிஎச்பி, டேட்டாபேஸ் டேபிளில் எழுதுவது, பிழையாக அடித்தால் வரும் செய்தி, டொக்கியூமென்டில் அந்தப் பகுதி, எல்லாம் அவருடையது. மெசின் பதிவு இன்னொருவருக்கு, வெட்டுகிற ஒழுங்கு இன்னொருவருக்கு, காசும் ரசீதும் இன்னொருவருக்கு. லொகினும் முகப்புப் பக்கமும் மிச்ச ஆளுக்கு. வைவாவில் சேர் எங்கே கையை வைத்தாலும் ஒரு ஆளுக்கு மேலிருந்து கீழ்வரை சொல்லத் தெரியும்.

இதற்கு முதல் ஒரு பின்னேரம் ஐவரும் ஒன்றாக இருந்து டேபிள்களைத் தாளில் கீறுங்கள். லெப்டொப் திறக்க வேண்டாம். எந்த டேபிளில் என்ன கொலம், எது எதோடு சேரும், பெயர் எப்படி எழுதுவது. கமக்காரர் ஐடி என்பதை ஒருவர் ஃபாமர்ஐடி என்றும் இன்னொருவர் எஃப்ஐடி என்றும் எழுதினால் சேர்க்கும் நாளில் அழுகைதான் வரும். தாள் முடிந்ததும் ஒரு போட்டோ எடுத்து வாட்சப்பில் பின் பண்ணிவிடுங்கள்.

அந்தத் தாளைக் கீறும்போது பேனையைக் கொக்கட்டிச்சோலைப் பிள்ளையிடம் கொடுங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பிள்ளை, வீட்டில் வயல் இருக்கும் என்று நினைக்கிறேன். ‘திகதி பிடிப்பது’ என்று நீங்கள் எழுதியிருப்பது ஹோட்டலில் ரூம் பிடிக்கிற கணக்கு. சேர் வேண்டாம் என்று சொன்ன அதே ஹோட்டல் சிஸ்டத்தைத்தான் பெயர் மாற்றிச் செய்துகொண்டிருக்கிறீர்கள். வெட்டு மெசின் அப்படியா வருகிறது? ஒரு வட்டைக்குள் (வயல் தொகுதிக்குள்) இறங்கினால் அயலில் உள்ள காணிகளை ஒழுங்காக வெட்டிக்கொண்டு போகும். நடுவில் உள்ள வயல் விளைந்து நின்றாலும் முன்னுக்கு உள்ள வயல் வெட்டாமல் மெசின் போக வழி இருக்காது. மழை பெய்தால் சேறு இறுகும்வரை எல்லாருடைய நாளும் தள்ளிப் போகும். காசைச் சிலர் நெல் விற்ற பிறகுதான் கொடுப்பார்கள். ஆனபடியால் உங்களுக்குத் தேவை கலண்டர் இல்லை, வட்டைக்கு ஒரு வரிசை, அந்த வரிசையை ஒட்டுமொத்தமாகத் தள்ள ஒரு பட்டன், கடன் பாக்கி காட்ட ஒரு கொலம். இது தெரியாமல் செங்கலடி விடிய விடிய எழுதினாலும் அதை ஒரு போடியாரும் (வயல் முதலாளியும்) பாவிக்க மாட்டார்.

வாழைச்சேனை பற்றி. ஐபிஎம் சிஸ்டம்/360க்கு ஓப்பரேட்டிங் சிஸ்டம் செய்த வேலையை நடத்தியவர் ஃப்ரெட் புரூக்ஸ். பிந்திப்போன சொஃப்ட்வெயார் வேலைக்கு ஆள் சேர்த்தால் அது இன்னும் பிந்தும் என்று அவர் 1975இல் எழுதினார். புது ஆளுக்கு விளங்கப்படுத்தப் பழைய ஆளின் நேரம் போகும். கதைத்துப் பொருந்த வேண்டிய சோடிகளும் கூடும். ஐந்து பேருக்கு 10 சோடி, ஆறு பேருக்கு 15. உங்கள் வாழைச்சேனை பட்டியலில் பழைய ஆள், வேலைக்குப் புது ஆள். அவரை மற்றவருடைய பாதிக் கோட்டில் இறக்காதீர்கள். ரசீது மாதிரித் தனியாக நிற்கக்கூடிய ஒன்றைக் கொடுங்கள். கடை வேலை முடிந்து எத்தனை மணிக்கு வருவார், எந்த நாள் லீவு என்று நேரில் கேளுங்கள். வாட்சப்பில் கேட்டால் நீல டிக்தான் மறுபடியும் வரும்.

கிட். ஓம், இந்த நேரத்திலும் படியுங்கள், ஒரு பின்னேரம் காணும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் லினக்ஸ் வேலைக்கென்று எழுதியது அது. முகமே பார்க்காத ஆட்கள் ஒரே கோட்டில் வேலை செய்வதற்காகவே செய்தது. நெட் இல்லாமலும் உங்கள் லெப்டொப்பிலேயே கொமிட் போடலாம், அதாவது மாற்றத்தைப் பதியலாம். நெட் வந்ததும் புஷ் பண்ணலாம், அதாவது மேலே அனுப்பலாம். கரண்ட் வெட்டுக் காலத்தில் எங்களைக் காப்பாற்றினது அதுதான். சிப் ஃபைல் என்றால் ஒவ்வொரு முறையும் படங்களோடு முழுவதும் போய்வரும். கிட் புதிதாக மாறினதை மட்டும் அனுப்பும், டேட்டா மிச்சம்.

ஆளுக்கு ஒரு பிரான்ச், அதாவது கோட்டின் தனிக் கிளை. சின்னச் சின்னக் கொமிட். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளுக்குள் மெயினில் (எல்லாருக்கும் பொதுவான கிளையில்) சேர்த்துவிடுங்கள். இரண்டு கிழமை தனியே ஓடவிட்ட பிரான்ச்சைச் சேர்க்கப் போனால்தான் கொன்ஃப்ளிக்ட் மலைபோல வரும். ஒரே வரியை இரண்டு பேர் மாற்றியிருந்தால் கிட் அந்த இடத்தில் அம்புக்குறிகளைப் போட்டு இரண்டையும் காட்டி நிற்கும், எது சரி என்று அதற்குத் தெரியாது. அந்த வரிகளை எழுதின இரண்டு பேரும் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும், தனி ஆள் ஊகித்து அழிக்கக் கூடாது. இன்னொன்று, சேவ் பண்ணும்போது எடிட்டர் தானாக இடைவெளிகளை ஒழுங்குபடுத்தும் வசதியை ஐவரும் ஒரே மாதிரி வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு சொல் மாற்றினதுக்கு முழு ஃபைலும் மாறினதாகக் காட்டும்.

முதல் தடவை செய்கிற குறூப் எல்லாம் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. கிட் உங்கள் டேட்டாபேசைக் கொண்டுபோகாது. அது எக்ஸாம்புக்குள் கிடக்கும். செங்கலடி இரவு ஒரு கொலம் சேர்த்திருப்பான், அவன் மெசினில் ஓடும், உங்களுடையதில் எரர். பிஎச்பிமைஅட்மினில் எக்ஸ்போர்ட் பண்ணி எஸ்கியூஎல் ஃபைலை கோட்டோடு சேர்த்து வையுங்கள். பிறகு டேபிளை மாற்றுகிறவர் அந்த மாற்றத்தை 01, 02 என்று இலக்கம் போட்ட தனி எஸ்கியூஎல் ஃபைலாகப் போட வேண்டும். மற்றவர்கள் வரிசைப்படி அதை ஓடவிட்டால் எல்லா லெப்டொப்பிலும் டேட்டாபேஸ் ஒரே மாதிரி இருக்கும்.

லெப்டொப் இல்லாத பிள்ளைக்கு: கிட் கோட்டை ஒன்லைனில் வைக்கும் கிட்ஹப்பில் உங்கள் ரெப்போவை (புரொஜெக்டின் கோட் இருக்கும் இடத்தை) திறந்து கீபோர்டில் முற்றுப்புள்ளியை அமத்தினால் பிரவுசருக்குள்ளேயே எடிட்டர் திறக்கும். ஓடவிட்டுப் பார்க்க ஏலாது, ஆனால் திருத்திக் கொமிட் போடலாம். ஓடவிட வேண்டுமென்றால் கிட்ஹப்பின் ஒன்லைன் கம்பியூட்டர் மாதிரிக் கோட்ஸ்பேசஸ் இருக்கிறது, இலவசக் கணக்குக்கு மாதம் 120 கோர்-மணித்தியாலம், இரண்டு கோர் மெசினில் 60 மணித்தியாலம் வரும். லாப் கம்பியூட்டரில் கொமிட் போடும் முன் கிட் கொன்ஃபிக்கில் யாருடைய பெயரும் ஈமெயிலும் இருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். முதல் இருந்த ஆளின் பெயர் கிடந்தால் அவளுடைய வேலை முழுக்க அந்த ஆளின் கணக்கில் விழும். இரண்டு பேர் ஒரு மெசினில் சேர்ந்து எழுதினால் கொமிட் மெசேஜின் கடைசியில் ‘கோ-ஓதர்ட்-பை’ என்ற வரியில் மற்றவரின் பெயரையும் ஈமெயிலையும் போடுங்கள், கிட்ஹப் இரண்டு பேரையும் காட்டும்.

கடைசியாகச் செங்கலடி. அவனை அடக்கப் போகாதீர்கள். ரெப்போவை உங்கள் கணக்கில் திறந்து, புல் ரிக்குவெஸ்ட் (மாற்றத்தைப் பார்த்துச் சேர்க்கக் கேட்கும் வேண்டுகோள்) இல்லாமல் மெயினுக்கு யாரும் புஷ் பண்ண ஏலாதபடி பூட்டுங்கள். ரெப்போ பப்ளிக் என்றால் இலவசக் கணக்கிலேயே பூட்டலாம். பிரைவெட் என்றால் புரோ கணக்கு வேண்டும், அது மாணவர் என்று உறுதிப்படுத்தினால் கிட்ஹப் ஸ்டூடன்ட் பெக்கில் சும்மா கிடைக்கும். பூட்டும்போது அட்மினுக்கும் விதிவிலக்கு இல்லை என்ற பெட்டியையும் டிக் பண்ணுங்கள். பிறகு எல்லாருடைய புல் ரிக்குவெஸ்டையும் பார்த்துக் கொமென்ட் போடும் வேலையை அவனிடம் கொடுங்கள். திருத்துகிறது எழுதின ஆளாக இருக்க வேண்டும், அவன் இல்லை. வரிசையைத் தள்ளும் லொஜிக்கையும் அவனுக்கே கொடுங்கள். அதுதான் கஷ்டமான பகுதி, அவனுக்கும் அதில்தான் ருசி.

தேத்தண்ணி

அண்ணா, நன்றி. கொக்கட்டிச்சோலையிடம் லாபில் கேட்டேன். அவளுடைய அப்பா வட்டவிதானையாம், வட்டையின் வயல் வேலைகளைப் பார்க்கிற ஆள்! ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்றால், “நீங்க எல்லாம் இங்லிஷ்ல ஸ்லைட் செய்திற்று இருந்தீங்க, நான் இதை எங்க சொல்ற” என்கிறாள். தாளில் கீறத் தொடங்கினதும் நிறுத்தவே இல்லை. மெசினை ஏற்றிக்கொண்டு வரும் லொறிக் கூலியை யார் கொடுப்பது என்பது வரைக்கும் சொன்னாள். அதை நாங்கள் யோசித்திருக்கவே மாட்டோம்.

ஒரு பயம். இதுவரை உள்ள கோட் செங்கலடியின் பெயரில்தான் முதல் கொமிட்டாகப் போகும். கொமிட் எண்ணிக்கையைப் பார்த்து மார்க்ஸ் போடுவார்களா? சேரிடம் சொல்வது பற்றியும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சோக்பீஸ்

நான் வைவா எடுக்கும் மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஆள், டெமொன்ஸ்ட்ரேட்டர். உங்கள் இடம் இல்லை.

கொமிட் எண்ணிக்கையை நான் எண்ணுவதில்லை. ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினாலும் ஒரு கொமிட், ஒரு முழுப் பக்கம் எழுதினாலும் ஒரு கொமிட். நான் பார்ப்பது திகதி. டெமோவுக்கு முதல் இரவு ஒரே கொமிட்டில் ஆயிரக்கணக்கான வரி வந்து விழுந்திருந்தால் அந்த ஆளிடம்தான் முதல் கேள்வி போகும். முதல் கொமிட் செங்கலடியின் பெயரில் போகட்டும். ரீட்மீயில் (ரெப்போவின் அறிமுகக் குறிப்பில்) அதுவரை யார் என்ன செய்தது என்று நாலு வரி எழுதிவிடுங்கள், அது போதும்.

வைவாவில் நான் செய்வது சின்ன வேலை. கோட்டில் ஒரு வரியை அழித்துவிட்டு, இப்போது என்ன உடையும் என்று கேட்பேன். எழுதின ஆள் ஓடவிடாமலே சொல்வார். பாடமாக்கின ஆள் ஸ்க்ரீனைப் பார்ப்பார். வடிவாக இங்லிஷில் சொல்ல வேண்டும் என்றும் இல்லை. தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னாலும் விளங்கினவர் யார் என்று தெரிந்துவிடும். உங்கள் கொக்கட்டிச்சோலைப் பிள்ளையை டெமோவின் தொடக்கத்தில் பேச விடுங்கள். ஏன் கலண்டர் இல்லாமல் வரிசை வைத்தோம் என்று அவள் சொன்னால், மேசைக்கு இந்தப் பக்கம் உள்ளவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். நூலகச் சிஸ்டம் பார்த்துப் பார்த்து எங்களுக்கும் களைப்புத்தான்.

சேரிடம் சொல்வது: சொல்லுங்கள், ஆனால் இப்போது. கடைசிக் கிழமையில் வந்து “இவர் ஒன்றும் செய்யவில்லை” என்றால் என்னிடம் அதற்கு மருந்து இல்லை, அவரும் “என்னிடம் ஒன்றும் தரவில்லை” என்பார். இரண்டு பேரும் உண்மைதான் சொல்வார்கள். கூட்டம் முடிந்ததும் ஒரு சின்னக் குறிப்பு எழுதிப் போடுங்கள்: திகதி, வந்தவர்கள், யார் எதை எப்போது தருவதாக ஒத்துக்கொண்டார். அதைக் கொண்டுபோய், “சேர், வேலையை இப்படிப் பிரித்திருக்கிறோம், பார்த்துச் சொல்லுங்கள்” என்று காட்டுங்கள். முறைப்பாடு இல்லை. ஆனால் பிறகு முறைப்பாடு தேவைப்பட்டால் அது கையில் இருக்கும். அதற்குப் பிறகும் வாழைச்சேனை வராவிட்டால் பெயரை வெட்டும் வேலையை நீங்கள் செய்யாதீர்கள். சக மாணவர் மதிப்பீட்டுத் தாள் தந்தால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். நட்புக்காக எல்லாருக்கும் முழுப் புள்ளி போட்ட தாளை நாங்கள் படித்ததும் ஓரமாக வைத்துவிடுவோம்.

கடைசி பெஞ்ச் தம்பி, உங்கள் குறூப் எங்கே வைவா செய்தது என்று சொல்லாதீர்கள், எனக்கு இரவு நித்திரை வராது.

சம்மாந்துறை நானா

எல்லாரும் மனிசரைப் பற்றிக் கதைச்சாச்சு, நான் டேபிளைப் பற்றிச் சொல்றன் தங்கச்சி. தாளில் கீறும்போதே இதைப் பாருங்க, பிறகு மாத்துறது பெரிய கரைச்சல்.

அடையாள அட்டை இலக்கத்தை ஐஎன்டி (முழு எண் மட்டும் வைக்கிற வகை) என்று போடாதீங்க. பழைய அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் எழுத்தும் இருக்கும். 2016க்குப் பிறகு வந்த புதுசில் 12 இலக்கம், அது ஐஎன்டிக்குள் கொள்ளாது. வயல் செய்ற ஆட்களில் கன பேரிடம் பழைய அட்டைதான். ஃபோன் நம்பரையும் ஐஎன்டி ஆக்கினால் முன்னுக்குள்ள சைபர் காணாமல் போகும். ரெண்டையும் வார்ச்சார் (எழுத்தாக வைக்கிற வகை) ஆக்குங்க.

தமிழில் பெயர் அடிச்சால் கேள்விக்குறி வரிசையாக விழுந்தால் டேபிள் தமிழ் எழுத்துக் கொள்ளாத லட்டின்1இல் கிடக்குது என்று அர்த்தம், இல்லாட்டி கனெக்ஷன். டேபிளையும் கனெக்ஷனையும் யூடிஎஃப்8எம்பி4 ஆக்குங்க, எச்டிஎம்எல் மெட்டாவில் யூடிஎஃப்-8 போடுங்க. கேள்விக்குறியாக சேவ் ஆகின பெயர் திரும்பி வராது, தமிழ் அங்கேயே போயிட்டு. அதால முதல் நாளே ஒரு தமிழ்ப் பெயரை அடிச்சுப் பார்த்திருங்க. பெயர் கொலத்தை 20 என்று சிக்கனமாக வைக்காதீங்க. ‘கோணேஸ்வரி’ நம்ம கண்ணுக்கு அஞ்சு எழுத்து, டேட்டாபேசுக்கு 9. தகப்பன் பெயரும் சேர்ந்தால் பாதியில் வெட்டுப்படும்.

ரசீதுக்குப் பிடிஎஃப் செய்யப் போகாதீங்க. எஃப்பிடிஎஃப் மாதிரி ரெடிமேட் கோட் நூலகத்தில் தமிழ் யூனிகோட் அப்படியே வராது, வேற சிலதில் கொம்பும் காலும் இடம் மாறிச் சிரிப்பாக இருக்கும். ரசீதை ஒரு சாதாரண பக்கமாகச் செய்து பிரவுசரின் பிரிண்டைப் பாவிச்சால் தமிழ் ஒழுங்காக வரும். வாழைச்சேனைத் தம்பிக்கு அது ரெண்டு இரவு வேலை.

ஏறாவூர்த் தம்பியின் டயகிராமைக் குறைச்சு மதிக்காதீங்க. டேபிள்களும் தொடர்பும் காட்டுற ஈஆர் டயகிராமை அவர் சரியாகக் கீறியிருந்தால் டேபிள் எழுதுற எஸ்கியூஎல் பாதி முடிஞ்ச மாதிரி. அதை அவரையே எழுதச் சொல்லுங்க. கோட் எழுதச் சொல்றோம் என்று சொல்லாதீங்க, “இந்த டயகிராமை டைப் பண்ணித் தாங்க” என்று சொல்லுங்க.

தேத்தண்ணி

நானா, அந்தக் கடைசி வரி அப்படியே வேலை செய்தது. ஏறாவூர்த் தம்பி எல்லா டேபிளும் எழுதி அனுப்பிவிட்டார், வட்டைக்கும் காணிக்கும் இடையில் டேபிளைச் சேர்க்கும் கீ ஒன்றையும் தவறவிடவில்லை. அடையாள அட்டை ஐஎன்டியில்தான் இருந்தது, மாற்றியாயிற்று.

செங்கலடிக்கு மெயினைப் பூட்டின விஷயம் இரவுதான் தெரிந்தது. ஒரு மணிக்குக் கோல் எடுத்து, “என்னக்கா, என்ட கோட்டை என்னாலயே போட ஏலாதா” என்று சத்தம் போட்டான். புல் ரிக்குவெஸ்ட் போடு, காலையில் பார்க்கிறேன் என்று சொல்லிப் படுத்துவிட்டேன். போட்டிருந்தான். பார்த்தேன், இரண்டு இடத்தில் எனக்கு விளங்கவில்லை, கேட்டேன், ஒன்றில் அவனுக்கும் விளங்கவில்லை. இப்போது என்னுடைய லொகினுக்கு அவன் கொமென்ட் மழை பொழிகிறான், ஆனால் ஒரு வரியையும் தொடவில்லை. அவன் சொன்ன ஒன்று உண்மையிலேயே சரி: பாஸ்வேர்டை அப்படியே சேவ் பண்ணக் கூடாதாம், திரும்ப வாசிக்க ஏலாதபடி மாற்றும் பாஸ்வேர்ட் ஹேஷ் ஃபங்ஷன் போடச் சொன்னான். இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் நானே மாற்றியிருப்பேன்.

வாழைச்சேனையைக் கடையிலேயே போய்ப் பார்த்தோம். வெள்ளிக்கிழமை லீவாம். ரசீது தருவதாகச் சொன்னார், குறிப்பில் எழுதியிருக்கிறேன், வருமா தெரியாது. நாளைக்குச் சேரிடம் குறிப்பைக் காட்டப் போகிறேன்.

ஒரு சின்னக் கேள்வி. டெமோவை ஒன்லைனில் ஹோஸ்ட் பண்ணிக் காட்டவா, செங்கலடியின் லெப்டொப்பிலா?

பழைய பெட்ச்

ஹோஸ்டிங் கேட்டிருக்காவிட்டால் வேண்டாம். டெமோ நேரம் எல்லா குறூப்பும் ஒரே வைஃபையில் தொங்கும். எக்ஸாம்பில் ஓடவிடுங்கள், ஆனால் இரண்டு லெப்டொப்பில்: செங்கலடியுடையதிலும் உங்களுடையதிலும். முதல் நாள் உங்களுடையதில் டேட்டாபேசை முழுக்க அழித்துவிட்டு ரெப்போவில் இருந்து புதிதாக எடுத்து, 01இல் இருந்து எஸ்கியூஎல் ஃபைல்களை ஓடவிட்டுப் பாருங்கள். எங்கேயாவது நின்றால் அந்தக் கொலத்தைச் சேர்த்த ஆள் ஃபைல் போட மறந்திருக்கிறார். அன்றைக்கு ஆளைப் பிடிக்க நேரம் இருக்கும், அடுத்த நாள் இருக்காது.